"எல்லாத்தையும் இறக்கு" என்று சொன்னபோது: வன்னி வீதிகளில் வாகனச் சோதனை, எங்கள் அனுபவங்கள்

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றும் சாரதி

பதினொரு வருடங்களாக முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாச் சந்தைக்குப் பட்டா என்னும் சிறிய லொறியில் மீன் ஏற்றி வருகிறேன். ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் ஏறி, புளியங்குளம், ஓமந்தை தாண்டிப் போகும் இந்தப் பாதையில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மறிக்கப்படுவது எனக்குப் புதிதல்ல. போக்குவரத்துப் பொலிசார் மறித்துப் பத்திரங்களைப் பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரவில் விளக்கில்லாமல் ஓரங்கட்டியிருக்கும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும், தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகளிலும் மோதியவர்களைத் தூக்கி ஏற்றியவன் என்ற முறையில், அவர்கள் வீதியில் நிற்கத்தான் வேண்டும் என்று சொல்வேன். நான் எழுத வந்தது, பத்திரம் பார்த்து முடிந்த பின்னர் வரும் அடுத்த கட்டளையைப் பற்றி.

கடந்த வருடம் வைகாசியில் ஒருநாள், காலை ஒன்பதரை மணியளவில், வழியில் ஓரிடத்தில் மறித்தார்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வரிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. திருப்பித் தரும்போது, "பின்னுக்கு என்ன? எல்லாத்தையும் இறக்கு" என்றார் ஓர் உத்தியோகத்தர். பதினாறு ரெஜிபோம் பெட்டிகள். ஒவ்வொன்றின் மூடியும் டேப் சுற்றி ஒட்டியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தனியாக நின்று டேப்பை உரித்து, ஒவ்வொன்றாக இறக்கி, வீதியோரத்துக் கிரவலில் வரிசையாக வைத்தேன். அவர் ஒரு கம்பியை எடுத்து ஐசுக்குள் குத்திக் குத்திப் பார்த்தார். ஒரு பெட்டியில் கணவாய் இருந்தது. கம்பி பட்டதும் அதன் மை கிளம்பி ஐசெல்லாம் கறுத்தது. அந்தக் கம்பியைத் துடைக்காமல் பக்கத்திலிருந்த பாரைப் பெட்டிக்குள் விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, "சரி, ஏத்திக்கொண்டு போ" என்றார். வவுனியாவில் அந்த இரண்டு பெட்டிகளையும் முதலாளி அரை விலைக்குத்தான் எடுத்தார். மற்றப் பெட்டிகளின் ஐசும் இளகிப்போயிருந்தது.

அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தொண்ணூறுகளில் பற்றரி, சீமெந்து, உரம், எரிபொருள் எல்லாம் தடைப்பட்டிருந்த காலத்தில், தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியில் என் தகப்பனார் சைக்கிள் கரியரிலிருந்து ஒவ்வொரு பையாக இறக்கி நிலத்தில் கொட்டிக் காட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை நான். பின்னர் ஓமந்தை. 2015 இல் ஓமந்தைச் சாவடி எடுக்கப்பட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீதிகளில் சாவடிகள் மீண்டும் முளைத்தன. சீருடையைக் கண்டால் கேள்வி கேட்கக்கூடாது, கொட்டிக் காட்டவேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே பழகிக்கொண்டேன்.

எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு சட்டத்தரணியிடம் இதைச் சொன்னபோது, அவர் எனக்கு விளக்கியது இதுதான். பத்திரம் பார்ப்பது வேறு, சோதனை போடுவது வேறு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வாகனம் ஓட்டுபவர் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருக்கவும், பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டவுடன் காட்டவும் கடமைப்பட்டவர். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து கிண்டிப் பார்க்கும் அதிகாரம் போதைப்பொருள், மரம், மணல் என்று வெவ்வேறு சட்டங்களிலிருந்து வருவது. அதன் பின்னால் ஏதோ ஒரு சந்தேகமோ தகவலோ இருக்கவேண்டும். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் வாகனத்தை மறித்துச் சோதிக்க மிக விரிந்த அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டங்கூட, 6 ஆம் பிரிவில், பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்கும், அவர் எழுத்தில் அதிகாரமளித்த உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்கும்தான் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. எனவே "என்ன சந்தேகம் ஐயா?" என்று கேட்பது குற்றமில்லை. ஆனால் கையைப் பிடிப்பதும், கதவை மறித்து நிற்பதும், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதும், அரச உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு செய்ததாகி, இல்லாத வழக்கை நாமே உண்டாக்குவதாகும்.

அடுத்த முறை மறித்து, இறக்கச் சொன்னபோது கேட்டேன். "சேர், என்ன சந்தேகம் எண்டு சொன்னா நானே ஒவ்வொண்டாத் திறந்து காட்டுறன். மீன் வெயிலுக்குப் பழுதாப் போகும்" என்றேன். என் குரல் நடுங்கியதை மறைக்கவில்லை. அந்த உத்தியோகத்தர் சற்று யோசித்துவிட்டு, கேரளக் கஞ்சா வருவதாகத் தகவல் என்று தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். நான் வாகனத்தை மர நிழலுக்கு எடுத்து, பெட்டிகளை இறக்காமலே மூடிகளைத் திறந்து, கையால் ஐசை விலக்கிக் காட்டினேன். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. சோதனை நடந்தது, மீனும் தப்பியது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

விசுவமடு, ஆசிரியை

அண்ணை எழுதியதை வாசித்தபோது எனக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. பாடசாலை முடிந்து பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் என் ஒன்பது வயது மகள். ஒரு வளைவில் இரண்டு உத்தியோகத்தர்கள் மறித்தார்கள், இருவரும் ஆண்கள். ஆவணங்களைப் பார்த்தார்கள், சீற்றைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். மழைக்கோட்டும் மாணவர்களின் பரீட்சைத் தாள்களும்தான் இருந்தன. பிறகு ஒருவர் நான் தோளில் போட்டிருந்த கைப்பையைக் காட்டிக் கையை நீட்டினார். ஆண்கள் கையில் கொடுக்கக் கூடாத பொருட்கள் அன்று அந்தப் பைக்குள் இருந்தன என்பதை இங்கே வாசிக்கும் பெண்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

"தம்பி, பையைப் பாக்கவேணுமெண்டால் பெண் பொலிஸைக் கூப்பிடுங்கோ, எவ்வளவு நேரமெண்டாலும் நிக்கிறன்" என்று சொன்னேன். அவர் என்னைவிட வயதில் குறைந்தவர், அதனால் தம்பி என்ற சொல் தானாக வந்தது. அவருக்கு முகம் சிவந்தது. மற்றவர் ஏதோ சிங்களத்தில் சொல்ல, போகச் சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் இவ்வளவு இலகுவாக முடியும் என்று சொல்லமாட்டேன். பெண்ணைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் தவறாமல் சோதிக்கவேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையிலேயே எழுதியிருக்கிறது. பை உடலின் பகுதியா என்று யாராவது வாதிட்டால் எனக்குப் பதில் தெரியாது. தோளில் கிடக்கும் பையை இழுக்க நீளும் கை என் மீதும் படும் என்பது மட்டும் தெரியும். மகள் வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, பொலிஸிட்ட அப்பிடிக் கதைக்கலாமோ?" என்று கேட்டாள். கதைக்கலாம், மரியாதையாகக் கதைக்கவேண்டும் என்றேன்.

துணுக்காய்ப் பக்கம், விவசாயி

என்னுடையது கொஞ்சம் கசப்பான கதை. சகோதரியின் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த முதிரை வளைகளையும் சலாகைகளையும் லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வந்தேன். கிராம அலுவலரின் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எங்கள் பகுதியில் காட்டு மரம் வெட்டுவது எவ்வளவு மோசமாக நடக்கிறது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மரம் ஏற்றிய வண்டியை மறிக்காத பொலிஸ்தான் குற்றவாளி என்பேன். ஆகவே மறித்ததிலும் இறக்கிப் பார்த்ததிலும் எனக்குக் கோபம் இல்லை. ஆணி அடித்த ஓட்டைகளும், பழைய சுண்ணாம்பும், கறையான் தின்ற முனைகளும் இருந்த மரம் அது. அதைக் கையால் தடவிக் காட்டியும் அவர்கள் நம்பவில்லை. லாண்ட்மாஸ்டரோடு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு வாக்குமூலம் எழுதினார்கள். முழுவதும் சிங்களம். "கையெழுத்து வையுங்கோ ஐயா, காலையில விட்டிடுவம்" என்றார்கள். அறுபத்து மூன்று வயது, இரவு எட்டு மணி, காலையிலிருந்து சாப்பிடவில்லை. வைத்துவிட்டேன். மறுநாள் கிராம அலுவலரோடு தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்திய பிறகு வண்டியை விட்டார்கள், வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அந்தத் தாளில் நான் என்ன சொன்னதாக எழுதியிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டில் வெட்டினேன் என்று எழுதியிருந்தால்? வனச் சட்டத்தின் கீழ் மரம் மட்டுமல்ல, ஏற்றிய வாகனமும் அரசுடைமையாகலாம். லாண்ட்மாஸ்டர் போனால் என் வயலும் போனதுதான்.

அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். வாக்குமூலத்தை நமக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து வாங்கவேண்டும். இதை நான் பின்னர் அறிந்தேன். இளம் பிள்ளைகள் இதை வாசித்தால், தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: விளங்காத தாளில், பசித்தாலும் இருட்டினாலும், கையெழுத்து வைக்கவேண்டாம், "தமிழில வாசியுங்கோ" என்ற இரண்டு சொல் போதும்.

கிளிநொச்சி, ஓட்டோ ஓட்டுபவர்

முறிகண்டியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பக்கக் கண்ணாடி உடைந்திருந்ததற்காக மறித்தார்கள். பிழை என்னுடையதுதான். அனுமதிப்பத்திரத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பின்னேரம் வந்து சந்திக்கச் சொன்னார் ஒருவர். அதன் அர்த்தம் எங்கள் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் தெரியும். "தண்டத்தை எழுதித் தாங்கோ சேர், கட்டுறன்" என்று அந்த இடத்திலேயே நின்றேன். எழுதித் தந்தார். தண்டப் பத்திரம் இருந்தால் அதுவே 14 நாளுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். தபாலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் நம்முடையதைத் திருப்பித் தரவேண்டும். 14 நாள் தாண்டினால் 28 ஆவது நாள் வரை இரு மடங்கு, அதற்குப் பிறகு நீதிமன்றம். தண்டப் பத்திரம் இல்லாமல் அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஓடினால், அடுத்த சந்தியில் மறிப்பவருக்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் இராது. பணத்தை மடித்து நீட்டும் அண்ணன்மாரிடமும் ஒன்று சொல்கிறேன்: வாங்குபவரைப்போலக் கொடுப்பவரும் சட்டத்தில் குற்றவாளிதான். பணம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றும் சாரதி, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. துணுக்காய் ஐயாவின் கதையை இரண்டு தடவை வாசித்தேன். அதற்குப் பிறகு சட்டத்தரணியிடம் திரும்பவும் கேட்டு, ஒரு முக்கியமான விடயத்தை அறிந்தேன். அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் மனு போடவேண்டும். கொழும்புக்குப் போய்வரும் செலவை நினைத்தே எங்களில் பலர் அந்த மாதத்தைக் கைவிட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1996. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். எங்கே போனாலும் அவர்கள் முதலில் கேட்பது திகதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம்.

அந்தக் கணவாய் நாளைப் பற்றி இவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வைகாசி என்பது தெரியும், ஒன்பதரை மணி என்பது தெரியும், திகதி தெரியாது. சட்டையில் இருந்த இலக்கத்தைப் பார்க்க நிமிரவே இல்லை, பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் முதலாளியின் கணக்குக் கொப்பியில் "பாரை 1, கணவாய் 1, மை, அரை விலை" என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். நாளைக்குப் போய் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கப்போகிறேன். இப்போது சாவி தொங்கும் இடத்தில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று நூலில் கட்டியிருக்கிறேன். இதுவரை நான்கு பக்கம் எழுதியாகிவிட்டது. அதில் மூன்று, பத்திரம் பார்த்து மரியாதையாக அனுப்பிவைத்த நாட்கள். அவற்றையும் இலக்கத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.