சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் நின்றதற்கு 100 பவுண்டு: உங்களுக்கு என்ன நடந்தது?

ஹாரோ வாசி

பிரிட்டனில் பணம் கேட்டு தனியார் பார்க்கிங் நிறுவனத்தின் கடிதம் வந்தால் நம்மவர்களிடம் இரண்டே வைத்தியம்தான். ஒன்று, பயந்துபோய் அன்றே கட்டிவிடுவது. மற்றொன்று, "கிழித்துக் குப்பையில் போடு, ஒன்றும் ஆகாது" என்பது. இரண்டாவதைச் சொல்லும் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அது பெரும்பாலும் பலித்தது. 2012 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை மாறிவிட்டது. தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்த அதே சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே பணம் கேட்கும் வழியையும் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது.

என் கதை சிறியது. காலையில் அரிசி மூட்டை வாங்க நான் போனேன். மாலையில் பால் வாங்க மனைவி அதே காரில் அதே கடைக்குப் போனார். எண்பலகையைப் படிக்கும் கேமரா காலையில் நுழைந்ததையும் மாலையில் வெளியேறியதையும் மட்டும் முடிச்சுப் போட்டு, பகல் முழுவதும் கார் அங்கேயே நின்றதாகக் கணக்குக் காட்டியது. அதிர்ஷ்டவசமாக நண்பகலில் கார் எம்ஓடி என்னும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனைக்காக ஒரு கராஜில் இருந்தது. ரசீதில் வாகன எண்ணும் நேரமும் அச்சாகியிருந்தன. அதை இணைத்து முறையிட்டேன், ரத்து செய்துவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

க்ராய்டன் அக்கா

நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன் கடைக்குப் போங்கள். அம்மாவுக்கு நடக்க முடியாது, மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் நீல அட்டை இருக்கிறது. அவரை இறக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கடையைச் சுற்றி, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் அனுமதித்த நேரம் கடந்துவிட்டது. கடிதத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய் மேலாளரைக் கேட்டேன். மாற்றுத்திறனாளிகளைப் பாதகமாக நடத்தக் கூடாது என்னும் சமத்துவச் சட்டம், 2010 என்று ஒரு வரி சொன்னேன், அவ்வளவுதான். அவர் மின்னஞ்சல் அனுப்பினார், விஷயம் முடிந்தது. பார்க்கிங் நிறுவனத்தை அங்கே கொண்டுவந்து வைத்திருப்பதே பெரும்பாலும் கடையோ நில உரிமையாளரோதான். அவர்கள் சொன்னால் கேட்பார்கள். "அது எங்கள் கையில் இல்லை" என்று மேலாளர் கையை விரித்தால், நிலத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்று கேட்டு அவர்களுக்கு எழுதுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

லெஸ்டர் தமிழன்

அக்கா சொல்வது நல்லபடியாக முடிந்த கதை. மற்றொன்றையும் கேளுங்கள். என் சித்தப்பா மகன் வீடு மாறினான். வங்கி, கவுன்சில், மருத்துவர் என எல்லா இடத்திலும் முகவரியை மாற்றினான். காரின் பதிவுச் சான்றிதழில் மட்டும் பழைய முகவரி அப்படியே இருந்துவிட்டது. நிறுவனங்கள் உங்கள் பெயரையும் முகவரியையும் வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-யிடம் கட்டணம் கட்டித்தான் வாங்குகின்றன. ஆகவே முதல் கடிதம், நினைவூட்டல், கடன் வசூலிப்போரின் மிரட்டல், கடைசியில் நீதிமன்றத்தின் கோரிக்கைப் படிவம் எல்லாமே பழைய வீட்டுக்குப் போயின. அங்கே குடிவந்தவர்கள் பிரிக்காமல் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

பதில் வராததால் கவுன்டி நீதிமன்றம் அவனைக் கேட்காமலே தீர்ப்பளித்துவிட்டது. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் அது தெரியவந்தது. தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டியிருந்தால், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து அதை நீக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஆறு ஆண்டு அங்கேயே கிடக்கும். இவனுக்கு அந்த மாதம் எப்போதோ போய்விட்டது. தீர்ப்பை விலக்கக் கோரி தனியாகக் கட்டணம் கட்டி மனுப் போட்டான். பழைய முகவரிக்கு அனுப்பியதை நீதிபதி ஏற்கவில்லை, தீர்ப்பு விலகியது. ஆனால் பார்த்து வைத்திருந்த வீடு அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. குற்றம் என்ன? மளிகைக் கடையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது!

கடன் வசூலிப்போரின் கடிதத்தில் சிவப்பு எழுத்து எவ்வளவு இருந்தாலும் அவர்கள் வீட்டுக்குள் வந்து பொருளை எடுக்க முடியாது. நீதிமன்றக் கடிதம் அப்படியல்ல. பெற்ற 14 நாட்களுக்குள் அது கிடைத்ததாக நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும்.

விதிப்புத்தகம்

லெஸ்டர் தம்பிக்கு நன்றி. இன்னும் சில நண்பர்கள், "கார் பார்க் பாதி காலியாகத்தானே இருந்தது, அவர்களுக்கு என்ன நஷ்டம்?" என்று முறையீட்டில் எழுதுகிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அது 2015 நவம்பரில் செத்துவிட்டது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற பேரி பீவிஸ் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இடத்தை ஒழுங்காக நடத்துவதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருக்கிறது, 85 பவுண்டு மிதமிஞ்சியதல்ல என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் உடன்பாட்டை யார் கேட்டார்கள்?

ஆனால் அதே வழக்கில் நிறுவனம் வென்றதற்கு ஒரு காரணம், அங்கே அறிவிப்புப் பலகைகள் பெரிதாகவும் பல இடங்களிலும் இருந்தன. ஆகவே உங்கள் பலம் அங்கேதான். மரத்துக்குப் பின்னால் மறைந்த பலகை, இருட்டில் படிக்க முடியாத எழுத்து ஆகியவற்றைப் படம் எடுங்கள். கேமரா மூலம் வந்த கட்டணம் என்றால், முதல் கடிதம் நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் கையில் சேர்ந்திருக்க வேண்டும். தாமதமானால் பதிவில் உள்ளவர் என்பதற்காக மட்டும் உங்களிடம் வசூலிக்க முடியாது. ஓட்டியவரிடம்தான் கேட்க முடியும். ஓட்டியவர் யாரென்று சொல்லும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. அதனால் "நான் காரை நிறுத்தியபோது" என்று எழுதத் தொடங்காதீர்கள், "வாகனம் நிறுத்தப்பட்டபோது" என்று எழுதுங்கள்.

கிளாஸ்கோ மழை

வாகனம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கேட்கும் அந்த 2012 ஏற்பாடு ஸ்காட்லாந்தில் செல்லாது. இங்கே ஓட்டியவரிடம்தான் கேட்க முடியும். லண்டன் உறவினர்களின் அறிவுரையை இங்கே கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டாம். எங்கள் அறிவுரையை அங்கே கொண்டுபோகவும் வேண்டாம்.

புதுக்குடித்தனம்

எனக்கு நேற்று வந்தது. இரண்டு வாரத்துக்குள் கட்டினால் 60 பவுண்டு, இல்லாவிட்டால் 100 என்று இருக்கிறது. முறையிட்டால் அந்தச் சலுகை போய்விடுமா?

விதிப்புத்தகம்

சலுகைக் காலத்துக்குள் நிறுவனத்திடம் முறையிட்டால், அவர்கள் மறுத்தாலும் பொதுவாக அதே குறைந்த தொகையைக் கட்ட மறுபடி அவகாசம் கொடுப்பார்கள். அதன்பின் நிறுவனத்துக்கு வெளியே முறையீட்டைக் கேட்கும் அமைப்புகளான பாப்லாவுக்கோ ஐஏஎஸ்ஸுக்கோ போனால் சலுகை இருக்காது. எந்த அமைப்பு என்பது அந்த நிறுவனம் எந்தப் பார்க்கிங் தொழில் சங்கத்தில் உறுப்பினர் என்பதைப் பொறுத்தது, கடிதத்திலேயே இருக்கும். பாப்லாவுக்குப் போகக் கட்டணம் இல்லை. அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. முறையீட்டை அனுப்பிய சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடித்தனம்

நன்றி அண்ணா. ரசீது கார்க் கதவின் பைக்குள்ளேயே கிடக்கிறது. அக்கா சொன்னபடி முதலில் கடை மேலாளரைப் பார்க்கிறேன், பிறகுதான் நிறுவனத்துக்கு எழுதப்போகிறேன்.