சுவரை மூடுவதற்கு முன்: என் முதல் ரஃப்-இன் சோதனை

நியூ ஜெர்சியில் தனி வீடு வாங்கி, பேஸ்மென்ட்டை அறையாக மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாமே குடியிருக்கும் தனி வீடாக இருந்தால், பெர்மிட் வாங்கிக்கொண்டு வயரிங் வேலையை நாமே செய்ய இங்கே அனுமதி உண்டு. அப்படித்தான் நானும் இறங்கினேன். சுவரை மூடுவதற்கு முன் வயரிங்கைப் பார்க்கும் சோதனைக்கு ரஃப்-இன் என்று பெயர். அதில் முதல் முறை தேறவில்லை.

ஊரில் அப்பா வீடு கட்டியபோது பார்த்திருக்கிறேன். செங்கல் சுவரைக் கொத்தி, பைப் பதித்து, பூசிய பிறகுதான் வயரை இழுப்பார்கள். பின்னால் வயர் பழுதானால் உருவி எடுத்து வேறொன்றை இழுத்துக்கொள்ளலாம். இங்கே பைப் கிடையாது. கேபிள் அப்படியே மரச்சட்டங்களின் துளை வழியாக ஓடுகிறது. அதன்மேல் குளிர் தடுக்கும் பஞ்சும் டிரைவால் என்னும் ஜிப்சம் பலகையும் ஏறிவிட்டால், உள்ளே என்ன செய்தோம் என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் சுவர் திறந்திருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிறார்.

மூன்று வாரம், தினமும் அலுவலகம் முடிந்து வந்து வேலை செய்தேன். துளையின் ஓரத்துக்கும் மரச்சட்டத்தின் விளிம்புக்கும் இடையே ஒன்றேகால் அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லாத இடங்களில் இரும்புத் தகடு அடித்தேன்; டிரைவாலை முடுக்கும் ஸ்க்ரூ கேபிளுக்குள் இறங்காமல் காப்பது அந்தத் தகடுதான். கேபிளை நாலரை அடிக்குள் ஒரு முறை ஸ்டேப்பிள் அடித்துப் பிடிக்க வேண்டும். சுவிட்ச், பிளக் பொருத்தும் பெட்டி கேபிளைப் பிடிக்கும் கவ்வி இல்லாத சிறிய பிளாஸ்டிக் பெட்டி என்றால், பெட்டியிலிருந்து எட்டு அங்குலத்துக்குள் முதல் ஸ்டேப்பிள். கேபிளின் மேலுறை பெட்டிக்குள் கால் அங்குலமாவது நுழைந்திருக்க வேண்டும். உள்ளே ஆறு அங்குல வயர் மிச்சம் வேண்டும். எர்த் வயர்களை எல்லாப் பெட்டிகளிலும் முறுக்கிச் சேர்த்துவைத்தேன். டேப்பை வைத்து ஒவ்வொன்றையும் அளந்தேன்.

சோதனைக்கு முந்தைய நாள் இரவு, படிக்கட்டின் கீழ் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் துப்புரவுக்கு வசதியாக இருக்கும் என்றாள் மனைவி. நியாயமான யோசனை. பக்கத்தில் இருந்த சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

மறுநாள் வந்தவர் வயதானவர், நிதானமானவர். டார்ச் அடித்தபடி சுவரோரமாக நடந்தவர், நேராக அந்தப் பெட்டியின் முன் நின்றார். பேனா முனையால் வயர்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார். பெட்டியின் உட்புறத்தில் பொறித்திருந்த எண்ணை எனக்குக் காட்டினார்: 18 கன அங்குலம். மூன்று கேபிளில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு வயர், எர்த் எல்லாம் சேர்ந்து ஒன்று, சுவிட்ச் அடைக்கும் இடத்துக்கு இரண்டு வயர்க் கணக்கு. மொத்தம் ஒன்பது. கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு; எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 12 கேஜ் வயருக்கு ஒவ்வொன்றுக்கும் 2.25 கன அங்குல இடம் வேண்டும் என்றால் 20.25. இரண்டு கேபிளாக இருந்தவரை 15.75தான்; மூன்றாவதை நுழைத்தபோது நான் கணக்கே போடவில்லை. 14 கேஜாக இருந்தால் சரியாக 18-இல் அடங்கியிருக்கும். ஆனால் 20 ஆம்பியர் பிரேக்கருக்கு 12 கேஜ்தான் போட வேண்டும்.

இது வெறும் காகித விதி அன்று. இடமில்லாத பெட்டிக்குள் சுவிட்சை அழுத்தித் திணிக்கும்போது வயரின் உறை நசுங்கும், இணைப்பு தளரும், சூடு ஏறும். அதுவும் மரச்சுவருக்குள். அன்று இரவு அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேல்தளத்துக்குக் கேபிள் ஏறும் துளைகளை நெருப்பு பரவாமல் அடைக்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

பெட்டியின் ஆணிகளை ரம்பத்தால் அறுத்து எடுத்து, 22 கன அங்குலப் பெட்டி பொருத்தினேன். துளைகளுக்குத் தீத்தடுப்புப் பசை அடைத்தேன். நான்கு நாள் கழித்து வந்தவர் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். டிரைவால் ஏறுவதற்கு முன், டேப்பைப் பக்கத்தில் நீட்டிவைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொண்டேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி, மிஷிகனிலிருந்து:

அண்ணா, எனக்கு நியூட்ரலில் சிக்கல். ஊர் வழக்கப்படி சுவிட்சுக்கு ஃபேஸை மட்டும் இறக்கியிருந்தேன். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, 2011 பதிப்பு முதல், பெரும்பாலான சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரலும் இருக்க வேண்டும் என்கிறது. டைமர், சென்சார் வகைச் சுவிட்சுகளுக்கு அது தேவை. ஐந்து இடங்களில் கேபிளை மாற்றினேன். சுவர் திறந்திருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று.

இன்னொரு மறுமொழி:

இரண்டு கதவுகளுக்கு நடுவே இருந்த சிறு சுவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டடி அகலம் இருந்தாலே அதிலும் ஒரு பிளக் பாயின்ட் வேண்டுமாம். என் சுவர் இருபத்தைந்து அங்குலம்.

எழுதியவரின் பதில்:

தம்பி, நியூட்ரல் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. இப்போதுதான் கீழே போய் எடுத்துவைத்த படங்களைப் பார்த்தேன். என் சுவிட்ச் பெட்டிகள் எல்லாவற்றிலும் நியூட்ரலுக்கான வெள்ளை வயர் இருக்கிறது.