புதுப்பிப்பு: கரையோரத்தில் வந்த 14 மில்லிகால் படி

நில, கப்பல், செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவுகளை இணைத்தபோது கரையோரத்தில் 14 மில்லிகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் சிறு அலகு) அளவில் ஒரு படி, அதாவது மதிப்புகளில் திடீர்த் தாவல், விழுந்ததை முன்பு பதிவிட்டிருந்தேன். காரணம் பழைய நிலத் தரவு.

அது போட்ஸ்டாம் அடிப்படையில், அதாவது ஜெர்மனியின் போட்ஸ்டாமில் அளந்த பழைய ஈர்ப்பு மதிப்பை ஆதாரமாகக் கொண்டு, அளந்தது. அந்த மதிப்பு, பின்னர் வந்த 1971 பன்னாட்டு ஈர்ப்பு ஆதார வலையமைப்பைவிடச் சுமார் 14 மில்லிகால் கூடுதல். அளந்த ஈர்ப்பிலிருந்து, அந்த அட்சரேகையில் எதிர்பார்க்கும் ஈர்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிட்டுக் கழிப்பார்கள். அதில் 1930 சூத்திரத்தை நீக்கி 1980 சூத்திரத்தைப் போட்டவர்கள் இந்த 14-ஐக் கழிக்கவில்லை. நிலநடுக்கோட்டில் சூத்திர மாற்றம் மட்டும் எச்சத்தை ஏறத்தாழ 16 மில்லிகால் கூட்டும். இரண்டையும் சேர்த்துத் திருத்தினால் நிகர மாற்றம் 2 அளவுதான். பாதித் திருத்தம், திருத்தாததைவிட மோசம்!

கப்பல் தரவில் தடங்கள் வெட்டும் புள்ளிகளின் வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாறிலி கண்டு நீக்குங்கள். எட்வெஷ் திருத்தத்தையும் (கப்பலின் ஓட்டம் ஈர்ப்பு அளவை மாற்றுவதற்கான திருத்தம்) பாருங்கள்: நிலநடுக்கோட்டருகே கிழக்கு நோக்கிய ஓட்டத்தில் 1 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகப் பிழைக்கே 7.5 மில்லிகால்.

கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் உயரமானித் தரவின் (செயற்கைக்கோள் ரேடாரால் கடல்மட்டத்தை அளந்து பெறும் ஈர்ப்புத் தரவு) எடையைக் குறைத்துவிட்டேன். அங்கே திரும்பி வரும் ரேடார் அலைத்துடிப்பில் நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடும்.

இணைக்கும் முன் ஈஜிஎம்2008 என்ற உலகளாவிய ஈர்ப்பு மாதிரியைக் கழித்து, எச்சத்தை மட்டும் கட்டமிட்டு (சீரான கட்டப் புள்ளிகளுக்கு மாற்றி), பிறகு மாதிரியைத் திரும்பக் கூட்டினேன். படி போய்விட்டது.