மறு: மறு: சைடர் – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> கடையில் வாங்கிய ஆப்பிள் ஜூஸில் ஈஸ்ட் போட்டு ஒரே வாரத்தில் வீட்டில் சைடர் செய்யும் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஆப்பிள் சாராயம்’, ‘ஆப்பிள் மது’, ‘குமளி ரசம்’ (குமளி என்றால் ஆப்பிள்) என்று மூன்று சொற்கள் கைவசம் உள்ளன. எதை வைத்துக்கொள்ள?

மூன்றையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

சாராயம் என்பது காய்ச்சி வடிப்பது. ஊறலை அடுப்பில் ஏற்றி, அதன் ஆவியைக் குளிரவைத்து எடுத்தால்தான் அதற்கு அந்தப் பெயர். சைடர் அடுப்புப் பக்கமே போவதில்லை. சூடு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும். ஆறு விழுக்காடு சாராயச்சத்து (ஆல்கஹால்) உள்ள ஒன்றுக்கு நாற்பது விழுக்காட்டின் பெயரை வைத்தால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

ரசம் இன்னும் சிக்கல். வேதாகமத்தில் வரும் ‘திராட்சரசம்’ புளித்ததா, வெறும் சாறா என்ற கேள்வி எங்கள் சபையில் சிறுவயதிலிருந்து என் காதில் விழுகிறது. சொல்லே அதைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறது.

மதுவுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. சைடர் என்ற சொல்லின் வேர் எபிரேய ‘ஷேகார்’. அது கிரேக்கத்தில் ‘சிகெரா’ ஆகி, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லூக்கா 1:15-இல் ‘திராட்சரசமும் மதுவும் குடியான்’ என்று நாம் படிக்கிறோமே, அந்த ‘மது’ இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் நிற்பது சிகெராதான். ஆகவே மது என்று எழுதியவர் அறியாமலே மூலத்தைத் தொட்டிருக்கிறார். ஆனால் இன்று மது என்றால் பீரும் அடங்கும், பிராந்தியும் அடங்கும். கலைச்சொல்லுக்கு அவ்வளவு அகலம் ஆகாது.

சொல்லைத் தேடுமுன் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் என் தங்கை குடியிருக்கிறாள். அது சைடருக்குப் பேர்போன ஊர்ப்பக்கம். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்ளத் தடையில்லை. போன முறை போயிருந்தபோது அவள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவையைக் கழுவி, கிருமிநீக்கித் தண்ணீரில் அலசினாள். நாலு பெட்டி ஆப்பிள் ஜூஸை ஊற்றினாள். மேலே கொஞ்சம் இடம் விட்டாள். ஒயின் ஈஸ்ட் ஒரு பொட்டலம், ஐந்து கிராம், தூவினாள். குடுவையின் வாயில் ஒரு ரப்பர் அடைப்பு, அதன் மேல் தண்ணீர் நிற்கும் வளைந்த குழாய். அவ்வளவுதான் வேலை. மறுநாள் காலையில் குழாயில் ‘ப்ளக், ப்ளக்’ என்று குமிழி வர ஆரம்பித்தது. அந்தக் குழாய் இல்லாதவர்கள் பலூனில் ஊசியால் ஒரு துளை போட்டு வாயில் மாட்டுவார்களாம்.

ஒரு வாரத்தில் பாதிச் சர்க்கரை தீர்ந்து, இனிப்பும் சுருக்கென்ற சுவையும் கலந்து குடிக்கும்படி ஆகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இனிப்பே இருக்காது என்றாள். கணக்கு எளிது: லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு விழுக்காடு சாராயச்சத்து சேரும். ஆப்பிள் ஜூஸில் லிட்டருக்கு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரை இருக்கும். முழுவதும் தீர்ந்தால் ஆறு விழுக்காடு.

மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் சேர்க்கவேண்டிய ஒரு வரி உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில் பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்றோ, நம் ஊர் லேபிளில் 202, 211 என்ற எண்களோ இருந்தால் அந்த ஜூஸ் உதவாது. ஈஸ்ட்டைப் பெருகவிடாமல் தடுக்கத்தான் அவற்றைச் சேர்க்கிறார்கள். 300 என்று இருந்தால் பயமில்லை, அது வைட்டமின் சி.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஜூஸ் பெட்டியில் பென்சோயேட் பார்க்கும் வேலையைக் கலயத்தில் சுண்ணாம்பு பார்க்கிறது. ஒரே பாளை, ஒரே மரம், ஆனால் தமிழன் இரண்டு பெயர் வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் அந்தத் தெளிவு இல்லை. அமெரிக்காவில் வெறுமனே சைடர் என்றால் வடிகட்டாத புதுச் சாறு, குழந்தைக்கும் கொடுப்பார்கள். புளித்தது என்றால் அந்தப் பெயருக்கு முன்னால் இன்னொரு சொல் ஒட்டவேண்டும். இங்கிலாந்தில் சைடர் என்றாலே புளித்ததுதான். ஆகவே உங்கள் மூலக் குறிப்பு எந்த நாட்டில் எழுதியது என்று முதலில் பாருங்கள். அந்தக் குழப்பத்தை நாம் விலைகொடுத்து வாங்கிக்கொள்ளக் கூடாது.

நம் ஊரில் இது பெயர்ப் பிரச்சினை மட்டுமில்லை, சட்டப் பிரச்சினையும்கூட. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, பதநீருக்கு இல்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது உண்டாக்குவதும் குற்றம். குறிப்பைத் தமிழில் போடும்போது இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

என் பரிந்துரை: தேறல். ஆப்பிள் தேறல்.

தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையில் உரசும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர் வந்தது அதே வேரிலிருந்துதான். தெளிந்த கள் தேறல். பனைக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை. திருமுருகாற்றுப்படையில் குன்றுதோறாடல் பகுதியில் ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’ என்று வருகிறது. மூங்கில் குழாயில் ஊறி விளைந்த தேன் தேறல். மலைக்குடியினர் தம் சுற்றத்தோடு குடித்து மகிழ்ந்தது. மலையில், ஒரு மூடிய பாத்திரத்தில், இனிப்பானது ஒன்று தானாக விளைந்து தெளிவது. சைடருக்கு இதைவிடப் பொருந்திய சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிளைக் குமளி என்றும் அரத்தி என்றும் மாற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அரத்தி என்றால் சிவப்பு. எங்கள் மலையில் பச்சையாகவே பழுக்கிறதும் உண்டு. இங்கே தோட்டக்காரர், சந்தைக்காரர், தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் எல்லாருக்கும் அது ஆப்பிள்தான்.

அன்புடன்,
கொடைக்கானலிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

தேறல் என்ற சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் காட்டிய பொருளுக்கே அது பொருந்தவில்லையே! ஒரு வாரத்தில் இறக்கும் சைடர் தெளிந்திருக்காது. ஈஸ்ட் இன்னும் மிதந்துகொண்டிருக்கும், மோர் மாதிரி மங்கலாக இருக்கும். தெளியாததைத் தேறல் என்றால் வேர்ச்சொல்லுக்கே துரோகம் அல்லவா?

புறநானூறு 298 நினைவிருக்கும். ‘எமக்கே கலங்கல் தருமே, தானே தேறல் உண்ணும்’. ஒரு வீரன் தன் அரசனைப் பற்றிச் சொல்வது. தெளியாததற்குக் கலங்கல், தெளிந்ததற்குத் தேறல் என்று அந்த ஒரே பாட்டில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டிய சொல் ஆப்பிள் கலங்கல்.

இன்னொன்று. எங்கள் குன்னூர்ப் பக்கம் ஆப்பிளைவிடப் பேரிக்காயும் பிளம்ஸும் பீச்சும்தான் அதிகம். பேரிக்காயில் செய்வதற்கு ஆங்கிலத்தில் ‘பெர்ரி’ (perry) என்று தனிப்பெயர். நாமும் பழத்துக்குப் பழம் புதுச்சொல் தேடவேண்டுமா?

வளைந்த குழாய்க்கு ‘காற்றுப்பூட்டு’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து

* * *

அன்புள்ள அம்மா,

நீங்கள் சொன்னது சரி. புறநானூற்று அடி எனக்குத் தெரிந்த அடிதான். இந்த இடத்தில் அதை நினைக்காமல் போனதற்கு வருந்துகிறேன். நேற்று இரவு உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

கலங்கல் இன்றும் உயிரோடு இருக்கும் சொல் என்பது கூடுதல் பலம். இங்கே மழை பெய்த மறுநாள் ‘குழாயில கலங்கலா வருது’ என்று எல்லா வீட்டிலும் கேட்கலாம். இங்கிலாந்துக் கடைகளிலும் மங்கலானது, தெளிந்தது என்று இரண்டு வகையாக விற்கிறார்கள். ஆப்பிள் கலங்கல், ஆப்பிள் தேறல். அப்படியே ஒத்துப்போகிறது. பொதுவாகச் சைடர் என்று மட்டும் வரும் இடத்தில் தேறல் என்றே போடலாம். விட்டுவைத்தால் கலங்கலும் கடைசியில் தெளியத்தானே போகிறது.

பேரிக்காய் பற்றி: புதுச்சொல் வேண்டாம். பேரித் தேறல், பிளம்ஸ் தேறல். முன்னால் பழம், பின்னால் நிலை. அதே வரிசையில் அடுத்த நிலையையும் சேர்த்துவிடலாம். காற்றுப் பட்டு, வேறு நுண்ணுயிர் புகுந்து, சாராயச்சத்து புளிப்பாக மாறினால் அது ஆப்பிள் காடி. கடையில் ‘ஆப்பிள் சைடர் வினிகர்’ என்று மூன்று சொல்லில் விற்பது இதைத்தான். இதற்காகவே நொதித்தல், புளித்தல் இரண்டையும் நாம் கலந்து எழுதக் கூடாது என்று நினைக்கிறேன் (என் முதல் கடிதத்தில் நானே கலந்துவிட்டேன்). சாறு தேறலாவது நொதித்தல். தேறல் காடியாவது புளித்தல். சைடர் செய்பவருக்கு முதலாவது வெற்றி, இரண்டாவது நஷ்டம். ஒரே சொல்லில் இரண்டையும் சொன்னால் குறிப்பைப் பார்த்துச் செய்பவர் குடுவையைத் திறந்தே வைத்துவிடுவார்.

குழாய் விஷயம். காற்றுப்பூட்டு என்பது பாதிதான் உண்மை. அது வெளிக்காற்றை உள்ளே விடாது, ஆனால் உள்ளே பிறக்கும் கரியமில வாயுவை வெளியே விடும். பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் அடைக்கத் தோன்றும். அதில் உள்ள ஆபத்து எனக்கு நன்றாகத் தெரியும். சில வருடங்களுக்கு முன் விலைபோகாத பேரிக்காயைப் பிழிந்து சாறு எடுத்து, பிள்ளைகள் குடிக்கட்டும் என்று ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தேன். ஈஸ்ட் எதுவும் போடவில்லை. பழத்தோலிலேயே அது இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு மதுரை போய் நாலாம் நாள் திரும்பினால் அலமாரிக் கதவு பிளந்து, சுவரெல்லாம் கண்ணாடிச் சில். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வெடித்தது கடவுள் செயல். அதனால் என் விருப்பம் ‘குமிழிவிடு குழாய்’. நீளம்தான். ஆனால் செய்கிறவர் கண்ணால் பார்ப்பதை அது சொல்கிறது: குமிழி வரவேண்டும். வராவிட்டால் ஒன்று நொதிப்பு முடிந்தது, அல்லது குளிரில் ஈஸ்ட் உறங்கிவிட்டது, அல்லது அடைப்பு சரியில்லை. இங்கே மார்கழி இரவில் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகும்போது இரண்டாவது காரணமாகவே இருக்கும்.

மற்ற இரண்டு சொற்களுக்குத் தேடவே வேண்டியதில்லை. அடியில் படியும் ஈஸ்ட்டுக்கு அடிமண்டி. மண்டியைக் கலக்காமல் மேலே உள்ளதை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றுவதற்கு இறுத்தல். புளித்தண்ணீரை இறுத்து ஊற்றுகிற எந்த அடுப்படியிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஈஸ்ட் ஈஸ்ட்டாகவே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் நண்பருக்கு: தலைப்பு ‘ஒரு வாரத்தில் ஆப்பிள் கலங்கல்’ என்று இருக்கலாம். சட்டம் பற்றிய வரி முதலில். அதற்கு அடுத்த வரியிலேயே, நொதிப்பு முழுவதும் முடியும்வரை (குமிழி நின்றது மட்டும் போதாது) எந்தப் பாத்திரத்தின் மூடியையும் இறுக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். மூலக் குறிப்பில் அது கடைசியில் இருந்தாலும் சரி, தமிழில் மேலே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கொடைக்கானலிலிருந்து