புதுப்பிப்பு: அம்மாவுக்கு இக்னேஷியா கொடுக்கலாமா?

அப்பா இறந்தபின் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. உறவினர் தந்த இக்னேஷியா 30 என்ற ஹோமியோபதி மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

இது பிலிப்பைன்ஸில் விளையும் ஒரு கொடியின் விதையிலிருந்து செய்வது. விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு உண்டு. நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்க்கச் செய்வதால் உருண்டையில் மூலப்பொருள் எதுவும் மிஞ்சாது. ஆகவே நஞ்சு பற்றிய பயம் வேண்டாம். துக்கத்தைத் தீர்க்கும் என்பதற்கும் நம்பகமான சான்று இல்லை.

அம்மா குப்பி மூடியில் வெள்ளை உருண்டைகளைத் தட்டி, விரல் படாமல் நாக்கில் போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொள்ளட்டும். ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாரே அந்த உறவினர், அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவே மாட்டேன்! அரசு கிளினிக் டாக்டரும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூக்கத்தைப் பற்றிப் பொறுமையாக விசாரித்தார், மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

சுங்கை சிப்புட்டில் பழைய தோட்ட லயத்து அக்காமார்கள் மாலையில் வந்து, அப்பா ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தைப் பேசுகிறார்கள். அப்போதுதான் அம்மா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறார். எனக்கு இதில்தான் நம்பிக்கை.

உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், மலேசிய சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.