கமிஷன் ஹியரிங்ல போய் பேசினா கரண்ட் ரேட் குறையுமா?

கோவை லேத்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல சின்ன மெஷின் ஷாப் வெச்சிருக்கேன், 3 லேத், 1 விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்), ஒரு மில்லிங், முழுக்க ஜாப் ஒர்க் தான். லோடு 48 கிலோவாட். 2022 செப்டம்பருக்கு முன்ன ஃபிக்ஸட் சார்ஜ் கிலோவாட்டுக்கு 35 ரூபா, அதாவது மாசம் 1,680. இப்ப அது டபுளத் தாண்டிருச்சு, மெஷின் ஓடுனாலும் ஓடாட்டியும் கட்டணும். போதாக்குறைக்கு பீக் ஹவர் சார்ஜ் வேற, அதாவது கரண்ட் தேவை அதிகமா இருக்கற நேரத்துக்கு கூடுதல் ரேட், காலையில 6:30லேருந்து 10:30, சாயங்காலம் 6லேருந்து 10. நான் ஷாப்பத் திறக்கறதே 8:30க்கு, மொத ரெண்டு மணி நேரம் பீக்லயே போயிருதுங்க.

இப்ப எங்க ஏரியா சங்கத்துல, மின் வாரியம் அடுத்த டாரிஃப் மனு (ரேட்ட மாத்தச் சொல்ற மனு) போடறப்ப, கரண்ட் ரேட்ட முடிவு பண்ற மின்சார ஒழுங்குமுறை ஆணையத்து (கமிஷன்) ஹியரிங்ல போய் பேசணும், அதுக்கு இப்பவே கோரிக்கை லிஸ்ட் ரெடி பண்ணுன்னு என் தலையில கட்டிட்டாங்க. நேர்ல சொன்னா ஏதாச்சும் மாறுமா, இல்ல சும்மா மைக்ல பேசிட்டு டீ குடிச்சிட்டு வர்றதா? இதுவரைக்கும் யாராச்சும் எதையாச்சும் வாங்கியிருக்காங்களா?

ரிட்டயர்டு ஏஇ:
தம்பி, மாறும், ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்ல. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64 என்ன சொல்லுதுன்னா, மக்கள் சொல்ற ஆட்சேபணை எல்லாத்தையும் பரிசீலிச்சு 120 நாளுக்குள்ள ஆர்டர் போடணும். பரிசீலிக்கணும்னு தான் இருக்கு, ஏத்துக்கணும்னு இல்ல. 2022 ஆகஸ்ட்ல கோவை, மதுரை, சென்னைன்னு மூணு ஊர்லயும் ஹியரிங் நடந்துச்சு, செப்டம்பர் 9 ஆர்டர் வந்துச்சு, மறுநாளே புது ரேட். முக்கால்வாசிப் பேர் எந்திரிச்சு 'எங்களால தாங்க முடியாது'ன்னு சொல்லிட்டு உக்காந்தாங்க. அத வெச்சு கமிஷன் என்ன பண்ணும் சொல்லுங்க?

சரி, வாரியம் பக்கத்த பாருங்க. 2017 ஜனவரில உதய் திட்டத்துல (மின் வாரியங்க கடன சீரமைக்கற மத்திய அரசு திட்டம்) சேர்ந்தப்ப மாநில அரசு 22,815 கோடி கடன தன் தலையில ஏத்திக்கிச்சு. 2014க்கு அப்புறம் 8 வருஷம் ரேட்டே ஏறல, 2022ல ஒரேயடியா வாங்கிட்டாங்க. எல்லாத்தையும் விட பெரிய சாதனை என்னன்னா, வருஷா வருஷம் ஜூலை 1ன்னா விலைவாசி குறியீட்ட வெச்சு தானா ஏறுற மாதிரி அந்த ஆர்டர்லயே எழுதி வாங்கினது. அதுக்கு உச்சவரம்பு 6%. 2023ல 2.18, 2024ல 4.83, 2025ல 3.16. இதுல ஒரு தடவைகூட உங்கள கூப்பிட்டு கேக்க வேண்டியதில்ல. நான் வாரியத்துலயே 31 வருஷம் இருந்தவன், அதனால குத்தம்னு சொல்லல, வேலைய தெரிஞ்சு பண்ணிருக்காங்கன்னு தான் சொல்வேன்.

இந்த ஆர்டர் 2026-27 வரைக்கும் தான். அடுத்த மல்டி இயர் மனு (பல வருஷத்துக்கு சேத்து ரேட் கேக்கற மனு) வர்ற நேரம் தான் உங்க நேரம், அத விட்டா இன்னும் சில வருஷத்துக்கு ஜூலைய எதிர்பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

பெருமாநல்லூர் பையன்:
சார் சொல்றது எல்லாம் சரிங்க சார், ஆனா பேப்பர் மட்டும் போதும்னா எங்க ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. 1970ல விவசாய மோட்டாருக்கு யூனிட் 8 காசா இருந்தத 10 ஆக்குனாங்க, அதுக்கு நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து 3 பேர் செத்தாங்க. அப்புறம் குறைச்சது எவ்வளவுன்னு நினைக்கிறீங்க, 1 காசு! 72ல திரும்ப ஏத்துனப்ப நாராயணசாமி நாயுடு தலைமையில கோயமுத்தூர் ரோடு பூரா மாட்டு வண்டிய கொண்டாந்து நிறுத்திட்டாங்க, எங்க அப்பாரு வண்டியும் அதுல ஒண்ணு, ரெண்டு நாள் மாட்ட அவுத்து ரோட்டோரமே தண்ணி காட்டுனேன்னு சாகற வரைக்கும் சொல்லுவாரு. 84ல சிறு விவசாயிகளுக்கு இலவசம், 90ல எல்லா விவசாயிக்கும். அப்பெல்லாம் கமிஷனே கெடையாதுங்க, அது வந்ததே 99ல தான்.

எங்க பக்கம் விசைத்தறிக்காரங்களயும் பாருங்க, 500 யூனிட் இலவசம் 750 ஆச்சு, 2023ல 1,000 ஆச்சு. எலெக்‌ஷன் வர்றப்ப தறிக்காரன் ஓட்டு எத்தனைன்னு எல்லா கட்சிக்கும் தெரியும். லேத்துக்காரன் ஓட்டு எத்தனைன்னு யாருக்காச்சும் தெரியுமா?

ரிட்டயர்டு ஏஇ:
தம்பி, மறுக்கல. ஆனா ரேட்ட குறைச்சா யாரு கட்றதுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல. பிரிவு 65 படி, அரசு யாருக்காச்சும் சலுகை குடுக்கணும்னா அந்தப் பணத்த வாரியத்துக்கு முன்கூட்டியே கட்டணும். அதனால நீங்க ரெண்டு கதவு தட்டணும், ரேட் கமிஷன்ல, மானியம் கோட்டையில. 2022 நவம்பர்ல சின்ன தொழிற்சாலைக்கு பீக் ஹவர் 25%லேருந்து 15% ஆச்சே, அது ஹியரிங்ல வந்ததில்ல, ஆர்டர் வந்து ரெண்டு மாசம் சங்கங்க எல்லாம் சத்தம் போட்டு அரசு மூலமா வந்தது.

அடையார் அபார்ட்மென்ட்:
நான் தொழில் பக்கம் இல்ல, ஆனா ஒரு உதாரணம் சொல்றேன். 2022 ஆர்டர்ல அபார்ட்மென்ட் பொது மீட்டருக்கு தனி ரேட் வந்துச்சு, யூனிட் 8 ரூபா. எங்களுது 8 வீடு, லிஃப்ட் கிடையாது, மாடிப்படி லைட்டும் தண்ணி மோட்டாரும் மட்டும் தான். எங்கள மாதிரி நிறைய பேர் விடாம கேட்டதுல 2023 அக்டோபர்ல 10 வீட்டுக்குள்ள, 3 மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு 5.50ன்னு குறைச்சாங்க. 'எல்லாருக்கும் குறைங்க'ன்னு கேட்டிருந்தா ஒண்ணும் நடந்திருக்காதுன்னு தோணுது. யாருக்கு, எத்தனை வீடு, லிஃப்ட் உண்டா இல்லையான்னு கோடு போட்டுக் காட்டினா, அரசுக்கு எவ்வளவு செலவாகும்னு அவங்களாலயும் கணக்கு போட முடியும்ல.

கோவை லேத்காரன்:
இது மண்டையில ஏறுதுங்க. அப்ப 'பீக் ஹவர ரத்து பண்ணு'ன்னு எழுதி வெச்சிருந்தத அடிச்சிட்டு, ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓட்டற, 50 கிலோவாட்டுக்குள்ள இருக்கற ஷாப்புக்கு காலை பீக் வேண்டாம்னு மாத்திக்கறேன். ஆனா ஃபிக்ஸட் சார்ஜ விட மாட்டேன், 112 கிலோவாட்காரர் ஒருத்தர் முன்ன 3,920 கட்டிட்டிருந்தாரு, இன்னைக்கு 17 ஆயிரத்துக்கு மேல, வேலை ஆர்டர் இல்லாம மூணு மெஷின் தூசி படிஞ்சு நிக்குது. ஏஇ சார், இதுக்கு என்ன எழுதறது?

ரிட்டயர்டு ஏஇ:
மொதல்ல அவர லோட குறைக்கச் சொல்லி அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க, ஹியரிங் வரைக்கும் எதுக்கு காத்திருக்கணும். மனுவுக்கு, ஒவ்வொரு ஷாப்போட 12 மாச பில்ல எடுத்து, லோடு எவ்வளவு, ஓடுன யூனிட் எவ்வளவு, மொத்த பில்லுல ஃபிக்ஸட் எத்தனை சதவீதம்னு ஒரு டேபிள் போடுங்க. ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். கேள்வி கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள அனுப்புங்க, பத்து பேர் போய் ஒரே விஷயத்த பத்து தடவ சொல்லாதீங்க.

கோவை லேத்காரன்:
நேத்தே சங்கத்து வாட்ஸ்அப்ல பில் கேட்டுட்டேனுங்க சார். 40 பேர் இருக்கற குரூப்ல 6 பேர் அனுப்பினாங்க, அதுல ரெண்டு ஃபோட்டோல யூனிட் கட்டாயிருக்கு, ஒருத்தர் வீட்டு பில்ல அனுப்பி வெச்சிருக்காரு. நாளைக்கு வண்டிய எடுத்துட்டு ஷாப் ஷாப்பா போக வேண்டியது தான்.