வெண்கலச் சிலையின் கண்ணீர்

குழு: மஞ்சக்குப்பம் வீடு

தம்பி (வர்ஜீனியா), இரவு 8.12
பாப்பா பேய்க்கதை கேட்டாளே! நேற்று லெக்சிங்டனில் உள்ள ராணுவக் கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வெண்கலச் சிலை. தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண். ராத்திரியில் அது முனகும், கன்னத்தில் கண்ணீர் வழியும் என்று சொல்கிறார்கள்.

பாப்பா, 8.13
ஏன் அழுகிறது சித்தப்பா?

தம்பி, 8.17
அதன் காலடியில் ஆறு மாணவர்களைப் புதைத்திருக்கிறார்கள்டா. 1864 மே 15, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நியூ மார்க்கெட் என்ற ஊரில் நடந்த சண்டை. கல்லூரிப் பையன்கள் நாலு நாள் நடந்தே போனார்கள். மழையில் ஊறிய வயல். ஓட ஓட ஷூவைச் சேறு பிடுங்கிக்கொண்டது, வெறுங்காலோடு ஓடினார்கள். பத்துப் பேர் போய்விட்டார்கள்.

அக்கா, 8.19
அடிமை முறையை விடாத தென் மாநிலங்களின் படைதானே அது?

தம்பி, 8.22
ஆமாம் அக்கா, அதை மறைக்கக் கூடாது. ஆனால் செத்ததில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். சிலையைச் செய்த மோசஸ் எசேக்கியலே அந்தச் சண்டையில் இருந்த மாணவர். 1903இல் வைத்தார்கள். கூடப் படித்தவர்களுக்காகச் செய்த சிலை அது.

பெரியப்பா, 8.26
கண்ணீர் பனியாக இருக்கும். மார்கழி விடியலில் என் பைக் டேங்க் மேல் முத்து முத்தாக நிற்குமே, அதே மாதிரி. ராத்திரி உலோகம் குளிர்ந்தால் காற்றில் உள்ள ஈரம் அதில் படியும். நம் தேவனாம்பட்டினம் கோட்டையிலும் வெள்ளைக்காரன் குதிரைச் சத்தம் கேட்கும் என்று எங்களைப் பயமுறுத்துவார்கள். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்த கோட்டை, சின்ன வயதில் அந்தப் பக்கமே போக மாட்டோம்.

அத்தை (தேவனாம்பட்டினம்), 8.34
அண்ணா, பனி என்று சொல்லிவிடாதீர்கள். சுனாமிக்கு அப்புறம் ஆறு மாதம் இங்கே பொழுது சாய்ந்தால் யாரும் கரைக்குப் போக மாட்டார்கள். பிள்ளைகள் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மகனுடைய ஒற்றைச் செருப்பை வாசற்படியிலேயே வைத்திருந்தாள். நீலக் கலர், வார் அறுந்து ஊக்கு குத்தியது. இன்னொன்று கிடைக்கவில்லை, பையனும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் கடலில் பால் ஊற்றும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் கூட நிற்பேன்.

அக்கா, 8.36
அத்தை…

தம்பி, 8.41
அத்தை, அங்கேயும் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு மே 15ம் அணிவகுப்பில் பத்துப் பெயரையும் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இப்போது படிக்கிற ஒரு பையன், ‘போர்க்களத்தில் வீரமரணம் அடைந்தார், ஐயா’ என்று பதில் சொல்வான்.

அத்தை, 8.43
இத்தனை வருஷமாகவா?

தம்பி, 8.43
இன்னும் விடவில்லை அத்தை.

அத்தை, 8.47
அந்தப் பத்துப் பெயரையும் தமிழில் எழுதி அனுப்பு. டிசம்பரில் அவளோடு போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்.